சோறு போட்டு ஃபீஸ் கட்டினால் போதுமா?

"அடிக்கவில்லை, திட்டவில்லை, கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தோம். கண்டுகொள்ளாமல் விட்டால்தான் பிள்ளை சொந்தக் காலில் நிற்கும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறான செய்தி.

பிள்ளையின் உணர்ச்சிகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் உணர்ச்சிப் புறக்கணிப்பு. அது நடந்ததல்ல, நடக்காமல் போனது. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவில் 1990களில் நடந்த ஏஸ் (ACE, சிறுவயதுக் கசப்பான அனுபவங்கள்) ஆய்வு இதை அடி உதையோடு ஒரே பட்டியலில், தனி வகையாகவே வைத்தது.

மார்க் குறைந்ததற்குப் பத்தாம் வகுப்புப் பையன் அழுகிறான். "இதுக்கெல்லாமா அழுவாங்க, போய்ப் படி." ஒருமுறை என்றால் பரவாயில்லை, எந்த வீட்டில்தான் நடக்காது? ஆண்டுக்கணக்கில் இதுவே பதில் என்றால், சொல்வதையே நிறுத்திவிடுவான். கேட்டால் "ஒண்ணுமில்ல". இதைத்தான் வீட்டார் 'பொறுப்பு வந்துடுச்சு' என்று மெச்சுகிறார்கள்! அவனோ, தன் உணர்ச்சியே தப்பு என்று முடிவுகட்டியிருக்கலாம். நீல டிக் விழுந்தும் நண்பன் பதில் போடாவிட்டால் பதறுவது, செய்யாத தப்புக்கு ஸாரி கேட்பது, வகுப்பில் சந்தேகம் கேட்கத் தயங்குவது எல்லாம் அதன் தொடர்ச்சியாக இருக்கலாம். சிலர் யாரையும் நெருங்கவே விடுவதில்லை.

சரிசெய்யலாம். தினமும் 10 நிமிடம், போனைத் தள்ளிவைத்து, மார்க் பேச்சே எடுக்காமல் பேசுங்கள். எதிரே உட்காரவைத்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். பைக்கில் போகும்போது, காய் நறுக்கும்போது பேச்சு எளிதாக வரும். முதலில் "ரொம்ப ஏமாற்றமா இருக்கா?", அறிவுரை பிறகு. சில வாரங்களுக்கு 'ம்' மட்டுமே வரலாம். பலர் கைவிடுவது அங்கேதான்.

தூக்கமும் சாப்பாடும் 2 வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே 14416-ஐ அழையுங்கள் (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்): 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.