கேட்பாரற்ற பணமாம்!

போன வாரப் பதிவைப் படித்தவர்களுக்கு விவரம் தெரியும்: ஒரு நிறுவனம் எனக்குத் திருப்பித் தர வேண்டிய ஏழு டாலர், நான் கெடுவுக்குள் கேட்கவில்லை என்று அதனிடமே திரும்பிவிட்டது. மறுபடியும் அழப் போவதில்லை. ஆனால் அதன் கீழே நண்பர் ஒருவர் எழுதியதுதான் நான்கு நாளாகத் தொண்டையில் நிற்கிறது. "கேட்பாரற்றுக் கிடந்த பணம், கொடுத்தவனிடமே திரும்பிவிட்டது. ஏழு டாலருக்கு இத்தனை கூச்சலா?"

கேட்பாரற்ற பணமா? மூன்று வருடம் மாதாமாதம் என் கணக்கிலிருந்து கூடுதலாக உருவிய பணம் அது. உருவும்போது என் பெயர், முகவரி, அட்டை எண் எல்லாம் அந்த நிறுவனத்துக்கு அத்துப்படி. பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாகச் சேர்த்து நடத்தும் கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கு சமரசத்தில் முடிந்து திருப்பித் தர வேண்டிய நாள் வந்ததும் ஞாபக மறதி வந்துவிட்டது. "நீங்கள் யார், எங்களிடம் எப்போது வாங்கினீர்கள், ரசீது எங்கே?"

அறிவிப்பு வரவில்லை என்று நான் சொல்லவே இல்லை. வந்தது. தள்ளுபடிக் கூப்பன்களுக்கு நடுவே, எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் ஓர் அஞ்சலட்டை. குப்பைக்குப் போகவிருந்ததை அம்மாதான் எடுத்து வைத்தார். நான் படிவத்தோடு மல்லுக்கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, காசு வாங்கியவன் கணக்கில் இல்லையா? கொடுத்தவள் எதற்கு நிரூபிக்க வேண்டும்?" என்றார். அம்மா சட்டம் படித்தவர் அல்லர். பழைய ரசீதைத் தேடிக்கொண்டிருந்தபோதே கெடு முடிந்துவிட்டது. கேட்காதவர்களின் பங்கு நிறுவனத்துக்கே திரும்பும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்களாம். கேட்க விடாமல் செய்தால் யாருக்கு லாபம் என்று இனியும் நான் விளக்க வேண்டுமா?

"கேட்காதது உங்கள் தவறுதானே" என்பவர்களுக்கு: அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அது எடுத்துக்கொண்ட வழக்குகளில், அறிவிப்பு அனுப்பப்பட்டவர்களில் சராசரியாக நூற்றுக்கு நான்கு பேர்தான் பணம் கோரியிருந்தார்கள். மீதித் தொண்ணூற்றாறு பேரும் சோம்பேறிகளா?

மூட்டுவலிக்கான குளுக்கோசமைன் மாத்திரை வழக்கைப் பாருங்கள். 47 லட்சம் பேருக்கு மேல் அஞ்சலட்டை போனது. பணம் கேட்டவர்கள் 30,245 பேர். 2014இல் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அந்தச் சமரசத்தைத் தூக்கி எறிந்தார். அட்டை அனுப்ப முகவரி இருந்ததே, அத்தனை பேருக்கும் மூன்று டாலர் காசோலையையே அனுப்பியிருக்கலாமே என்பது அவர் கேள்வி. எங்கள் அம்மா கேட்டதும் இதைத்தான், போஸ்னர் பெயர் தெரியாமலே.

தபால் செலவு கட்டுபடியாகாத வழக்குகளும் உண்டு, சரி. வழக்கறிஞர்கள் உழைத்தார்கள், கூலி வேண்டும். அதுவும் சரி. ஆனால் அவர்களுடைய கூலி மட்டும் ஒருபோதும் கேட்பாரற்றுப் போவதில்லை, கவனித்தீர்களா?

இன்னொருவர், மீதி சில வழக்குகளில் தொண்டு நிறுவனங்களுக்குப் போகிறதே, சந்தோஷப்படக் கூடாதா என்கிறார். அதற்கு 'சீ ப்ரே' என்று பழைய பிரெஞ்சில் பெயர். முதல் எழுத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். கூகுள் தேடல் தகவல் கசிவு வழக்கில் சமரசத் தொகை 85 லட்சம் டாலர். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 12.9 கோடிப் பேர். அவர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் சில சென்ட்தான் தேறும் என்று ஆறு அமைப்புகளுக்கு ஒதுக்கினார்கள். வழக்கறிஞர்கள் படித்த பல்கலைக்கழகங்களும் அதில் இருந்தன. நல்ல பழைய மாணவர்கள்! 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்பாடு சரியா தவறா என்று சொல்லாமல், வழக்குத் தொடுக்கவே தகுதி இருந்ததா பாருங்கள் என்று கீழே திருப்பி அனுப்பிவிட்டது.

ஏழு டாலர் எனக்குப் பெரிதில்லை, ஐயா. என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன நீங்கள், அத்தனை பேர் பார்க்க என்னைக் காசுக்கு அலைகிறவள் என்கிற தொனியில் எழுதினீர்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. என் பணத்தை எடுத்தவன்மீது உங்களுக்கு ஒரு சொல்கூட வரவில்லையே.

நேற்று இன்னோர் அட்டை வந்தது, வேறொரு நிறுவனம். அம்மா அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார். கெடு முடிய இன்னும் பதினொரு நாள். ரசீது இன்னும் கிடைக்கவில்லை.