ஆண்டறிக்கை இருக்கட்டும், கொள்முதல் ஆணையைக் காட்டுங்கள்

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. லாப நட்டக் கணக்கு வரும் பக்கங்கள் பொடி எழுத்தில், கறுப்பு வெள்ளையில் இருக்கும். ‘சமூகப் பொறுப்பு’ என்ற பகுதி வந்ததும் எல்லாம் வண்ணமயம். மரக்கன்று நடும் கைகள், புத்தகப் பையோடு சிரிக்கும் குழந்தை, சூரியத் தகடுகளுக்கு மேல் நீல வானம். சிமென்ட் விற்கும் நிறுவனமானாலும் செருப்பு விற்கும் நிறுவனமானாலும், எந்த நாட்டுக்காரர்களானாலும், அத்தனை படங்களும் ஒரே ஸ்டூடியோவில் எடுத்தவை போலவே இருக்கும்.

அந்தப் பக்கங்களை இப்போதெல்லாம் நான் படிப்பதில்லை. ஒரு நிறுவனமோ அரசோ பொறுப்போடு நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அது எதை, யாரிடம், என்ன விலைக்கு, எவ்வளவு கெடுவில் வாங்குகிறது என்று பார்த்தால் போதும். லாபத்தில் ஒரு பங்கை யாருக்குக் கொடுத்தார்கள் என்பது சின்னக் கேள்வி. அந்த லாபம் எப்படி வந்தது என்பது பெரிய கேள்வி. பெரிய கேள்விக்கான பதில் கொள்முதல் ஆணையில்தான் கிடக்கிறது. அதை யாரும் வழவழப்பான தாளில் அச்சடித்துத் தருவதில்லை.

வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது சரக்கை வாங்கும் நிறுவனங்களுக்கு, ஆடை தைத்து அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். பையரிடமிருந்து இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். முதல் வகையினர் ஆடிட் செய்ய வருபவர்கள். தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைக் குனிந்து படிப்பார்கள். அவசர வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் படம் எடுத்துக்கொள்வார்கள். ஓவர்டைம் சேர்த்தாலும் வாரத்துக்கு 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். இரண்டாம் வகையினர் விலை பேச வருபவர்கள். போன சீசனில் கொடுத்த விலையையே இந்த முறையும் குறைக்கச் சொல்வார்கள். சாம்பிளுக்கு ஒப்புதல் தராமல் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். துணி வெட்டப் போகும் நேரத்தில் பட்டன் நிறத்தை மாற்றுவார்கள். கப்பலேற்றும் தேதியை மட்டும் ஒரு நாள்கூட நகர்த்த மாட்டார்கள். தாமதமானால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தக் கட்டணம் எங்கள் தலையில்.

இந்த இரண்டு வகையினருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே நிறுவனம். ஒருவர் சொன்னபடி நடந்தால் மற்றவர் சொன்னபடி நடக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் எங்களிடம் வருகைப் பதிவேடு இரண்டு இருந்தன. ஒன்று சம்பளம் போட, மற்றது காட்ட. ஆடிட் வந்த ஒருவர் காட்டுகிற பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “எல்லாரும் தினமும் ஒரே நிமிடத்தில் வெளியே போயிருக்கிறார்களே” என்றார். “எங்கள் தொழிலாளர்கள் நேரம் தவறாதவர்கள் சார்” என்றார் மேலாளர். இருவரும் சிரித்தார்கள். சான்றிதழ் வந்துவிட்டது.

எங்கள் இடத்தில் அது சிரிப்போடு போயிற்று. கராச்சியில் அப்படிப் போகவில்லை. 2012 செப்டம்பர் 11 அன்று அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலை தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. பணியிடப் பொறுப்புக்காக உலகம் முழுக்க மதிக்கப்பட்ட எஸ்ஏ 8000 சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 24, டாக்கா அருகே ராணா பிளாசா என்ற கட்டடம். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டுவிட்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேல்தளங்களில் தைப்பவர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள், கெடு இருந்ததால். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இயங்கிய ஆலைகளிலும் ஆடிட் நடந்துதான் இருந்தது. ஆடிட் செய்தவர்கள் கேட்ட பட்டியலில் கட்டடம் தாங்குமா என்ற கேள்வி இல்லை. அவர்களைத் திட்டிப் பயனில்லை. பட்டியலை எழுதிக் கொடுத்தவர்கள் வேறு.

அதன் பிறகு நடந்த ஒரு காரியத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். 2013 மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் ஆடை பிராண்டுகளும் சேர்ந்து தீ, கட்டடப் பாதுகாப்புக்கான வங்கதேச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. வழக்கமான நன்னடத்தை விதிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பது. எந்த ஆலையில் என்ன குறை என்று பெயரோடு வெளியிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொரு விதி: ஆலை பழுதுபார்க்கும் செலவைத் தாங்கும்படி பையர் தன் வணிக நிபந்தனைகளை அமைத்துக்கொள்ள வேண்டும். அதாவது, விலை பேசுகிறவரையும் ஆடிட் செய்கிறவரையும் முதன்முறையாக ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். வெறும் காகிதமாகவும் அது நிற்கவில்லை. 2016-ல் சர்வதேசத் தொழிற்சங்கங்கள் இரண்டு பிராண்டுகளை ஹேக் நகரின் நடுவர் மன்றம் வரை இழுத்தன. அவற்றில் ஒன்று ஆலைகளைச் சீர்செய்ய இருபது லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அறிக்கையில் ‘நாங்கள் உறுதி பூண்டுள்ளோம்’ என்று எழுதியதற்காக எந்த நிறுவனத்தையாவது யாராவது நடுவர் மன்றத்துக்கு இழுக்க முடியுமா?

உடனே உலகம் திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனா பரவியதும் பல பிராண்டுகள் தைத்து முடித்த சரக்குக்கும் சேர்த்து ஆணையை ரத்து செய்தன. தங்கள் உறுப்பினர்களுக்கு மட்டும் மூன்று பில்லியன் டாலருக்கும் மேல் ஆணைகள் நின்றுபோயின என்று வங்கதேச ஆடை உற்பத்தியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. ‘எதிர்பாராத பேரிடர்’ என்ற ஒப்பந்த விதி கைகொடுத்தது. அந்த பிராண்டுகளின் அறிக்கைகளில் ‘விநியோகச் சங்கிலியில் எங்கள் கூட்டாளிகள்’ என்ற அத்தியாயம் அந்த ஆண்டும் இருந்திருக்கும். கூட்டாளி என்றால் நட்டம் முழுவதும் அவருடையது போலும்.

மதிப்பீட்டு நிறுவனங்கள் தரும் பட்டங்களை நம்புகிறவர்களுக்கு ஜெர்மன் கார் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் ஒன்றே போதும். 2015 செப்டம்பரில், சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பை வைத்து நிறுவனங்களை மதிப்பிடும் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு அதை வாகனத் துறையின் முன்னோடி என்று அறிவித்தது. அதே மாதம் 18-ஆம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. சோதனைச்சாலையில் மட்டும் புகையைக் குறைத்து, சாலையில் அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். அக்டோபரில் குறியீட்டிலிருந்து பெயரை நீக்கினார்கள். பட்டம் கொடுத்தபோது பார்த்தது காகிதத்தை. சாலையில் புகையை அளந்து பார்த்தது ஒரு சிறிய பல்கலைக்கழகக் குழு.

சமூகப் பொறுப்பைச் சட்டமாக்குவதில் இந்தியா பெரும்பாலான நாடுகளுக்கு முன்னால் ஓடியது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 135-ஆவது பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பள்ளிகளுக்குக் கழிப்பறைகள் வந்தன, மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வந்தன; நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் விதிகளில் ஒரு வரியைக் கவனியுங்கள். நிறுவனம் தன் வழக்கமான தொழில் நடவடிக்கையாகச் செய்வது எதுவும் இந்தக் கணக்கில் சேராது. சொந்த வணிகச் செலவைத் தொண்டுக் கணக்கில் எழுதி ஏமாற்றக் கூடாது என்பதற்காக வைத்த விதி, காரணம் சரியானது. விளைவு என்னவென்றால், சாயப்பட்டறை தன் கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரித்தால் அது சமூகப் பொறுப்பில் வராது. பக்கத்து ஊரில் குடிநீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தால் வரும். கிணற்றைக் கெடுத்தவரே தொட்டியைத் திறந்து வைக்க ரிப்பன் வெட்டலாம். இரண்டாவதற்குத்தான் புகைப்படமும் உண்டு.

பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-ல் எழுதிய கட்டுரையைக் காட்டி, லாபம் ஈட்டுவதுதான் நிறுவனத்தின் ஒரே பொறுப்பு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. விதிகளுக்கு உட்பட்டு, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் என்று அவரும் நிபந்தனை வைத்திருந்தார். அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். விதியை எழுதும் அறைக்குள்ளேயே நிறுவனத்தின் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அந்த நிபந்தனைக்கு என்ன மதிப்பு? விநியோகச் சங்கிலியில் நடக்கும் மனித உரிமை மீறலுக்கும் மாசுக்கும் பெரிய நிறுவனங்களைப் பொறுப்பாளியாக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல்தான் நிறைவேற்றியது. 2025 பிப்ரவரியிலேயே அதைத் தளர்த்தும் முன்மொழிவு வந்துவிட்டது. நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டிய நிறுவனங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை விடுவிக்கும் யோசனையும் அதோடு சேர்ந்தே வந்தது. போட்டித்திறன் என்று காரணம் சொன்னார்கள்.

சரி, அரசுகளுக்கு வருவோம். நிறுவனங்களுக்கு அறிவுரை சொல்லும் அரசுதான் எந்த நாட்டிலும் மிகப் பெரிய பையர். ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 14 சதவீதம் அரசு அமைப்புகளின் கொள்முதல். சாலை, சீருடை, மருந்து, கணினி, துப்புரவு ஒப்பந்தம் எல்லாம் அதில் அடக்கம். அரசுக் கொள்முதல் பல இடங்களில் ஒரே விதியில் ஓடுகிறது: யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கே டெண்டர். குறைந்தபட்சக் கூலியைக் கூட்டிப் பார்த்தாலே கட்டுப்படியாகாது என்று தெரிகிற தொகைக்குத் துப்புரவு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. ஒப்பந்தக்காரர் எங்கே குறைப்பார்? கையுறையில், காலணியில், வருங்கால வைப்பு நிதியில். கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு அது தெரியாதா? தெரியும். அதிகத் தொகை கேட்டவருக்குக் கொடுத்தால் அந்த அதிகாரிமேல்தான் விசாரணை வரும். ஆகவே மலிவானதைத் தேர்ந்தெடுப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. நேர்மையான அதிகாரியையும் இந்த முறை பொறுப்பில்லாமல் வாங்க வைத்துவிடுகிறது.

மலிவாக வாங்கிய அரசுக்கு உதாரணம் தேடினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம். நிதி நெருக்கடியில் இருந்த நகரை மிச்சிகன் மாநில அரசு நியமித்த அவசரகால மேலாளர் நிர்வகித்தார். செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிடம் வாங்கிய குடிநீரை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுநீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. நிறமும் நாற்றமும் சரியில்லை என்று மக்கள் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார்கள். அந்த அக்டோபரிலேயே அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, இந்தத் தண்ணீர் உதிரிபாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு நீருக்கு மாறிக்கொண்டது. மக்களுக்குப் பழைய தண்ணீர் திரும்பி வந்தது 2015 அக்டோபரில். எஞ்சினுக்கு ஆகாத தண்ணீரை ஓராண்டு குழந்தைகள் குடித்தார்கள். பிறகு இழப்பீடாக ஒப்புக்கொண்ட தொகை 60 கோடி டாலருக்கும் மேல். மிச்சம் பிடித்த லட்சணம் அது.

வேறு வழி இல்லாமல் இல்லை. நெதர்லாந்தின் பொதுப்பணித் துறை சாலை, பாலம் கட்டும் டெண்டர்களில், பொருளை மண்ணிலிருந்து எடுப்பது முதல் இடித்து அகற்றுவது வரை சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் கேட்டை யூரோவில் மதிப்பிடச் சொல்கிறது. அது ஏலத்தின் மதிப்பீட்டில் சேர்கிறது. அங்குள்ள ரயில் பாதை நிறுவனம் புரோரெயில் 2009-ல் தொடங்கிய கார்பன் ஏணி முறையும் அப்படித்தான். உமிழ்வைக் குறைத்து ஏணியில் மேலே இருக்கும் ஒப்பந்தக்காரரின் ஏலத்தொகையை, ஒப்பிடும்போது மட்டும் குறைத்து எடுத்துக்கொள்வார்கள். வென்றால் அவருக்குக் கேட்ட முழுத் தொகையும் கிடைக்கும். பொறுப்போடு நடப்பவர் டெண்டரில் தோற்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. இதில் தியாகம், தொண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒப்பந்தக்காரர் தன் லாபத்துக்காகவே டீசலைக் குறைக்கிறார்.

விலை ஏறிவிடுமே என்று கேட்பீர்கள். ஏறும், சில இடங்களில் கணிசமாகவே ஏறும். ஏழை நாட்டு அரசுக்கு அது சுமைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போதும் யாரோ அந்த வித்தியாசத்தைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தையல்காரர் தூக்கத்தால் கட்டுகிறார், துப்புரவுத் தொழிலாளி நுரையீரலால் கட்டுகிறார். பில்லில் வராததால் மலிவு என்கிறோம்.

நிறுவனங்களிடம் கொள்முதல் விவரம் கேட்டால் ‘வணிக ரகசியம்’ என்பார்கள். விலை ரகசியமாகவே இருக்கட்டும். ஆணையை உறுதி செய்த நாளுக்கும் சரக்கு ஏற்ற வேண்டிய நாளுக்கும் இடைவெளி எவ்வளவு, உறுதி செய்த பின் ரத்து செய்தவை எத்தனை, சரக்கு வந்து எத்தனை நாளில் பணம் கொடுத்தார்கள், இவற்றை வெளியிட்டால் எந்த ரகசியமும் கெட்டுவிடாது. மூன்றாவதை பிரிட்டன் ஏற்கனவே செய்துவிட்டது. சப்ளையர்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறோம் என்று பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு இருமுறை பொதுவெளியில் தெரிவிக்க வேண்டும் என 2017-ல் விதி கொண்டுவந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. உக்ரைன் 2016 முதல் அரசுக் கொள்முதலை புரோசோரோ என்ற இணையதளத்துக்குக் கொண்டுவந்து, யார் எவ்வளவு கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது என்பதை எவரும் பார்க்கும்படி செய்தது.

அந்த மூன்றில் முதல் இரண்டு எண்களையும், அதாவது நாள் இடைவெளியையும் ரத்து செய்த ஆணைகளையும், தானாக முன்வந்து வெளியிடுகிற ஒரு நிறுவனத்தின் அறிக்கை உங்கள் கண்ணில் பட்டிருந்தால் இங்கே இணைப்பைப் போடுங்கள். உட்கார்ந்து முழுவதும் படிக்கிறேன்.