எடையில்லாத இடத்திலும் கண் ஆடியதே!
காதுக்குள் வெதுவெதுப்பான நீரை விட்டால் கண்கள் தானாக ஆடுவதற்கு, உள்காதுத் திரவம் சூடாகி மேலே எழும்புவது மட்டுமே காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிட்டது. காது மருத்துவர் ராபர்ட் பாரானி சொன்ன விளக்கம் அது, 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபலும் அவருக்குத்தான் (அறிவிப்பு வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி!). சரி, ஆனால் 1983இல் ஸ்பேஸ்லேப் என்ற விண்வெளி ஆய்வகப் பயணத்தில் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். எடையின்மையில் சூடான திரவம் மேலே எழ வழியே இல்லை. அங்கே ஏது மேல், கீழ்? அப்படியும் கண்கள் ஆடின. வெப்பத்தால் திரவம் விரிவதும், நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதும்கூடக் காரணமாகலாம் என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வலுத்தது. அதற்காகப் பாரானியைத் தூக்கி எறியவும் முடியாது. பூமியில் குப்புறப் படுக்கவைத்துச் செய்தால் உள்காதும் தலைகீழாகி, ஆட்டத்தின் திசையே மாறிவிடுகிறது. சூடான திரவம் மேலே எழுவதுதான் காரணம் என்றால் அப்படித்தானே ஆகவேண்டும், அது அவர் பக்கம்தான். போன வருடம் எனக்கும் இந்தச் சோதனை நடந்தது. கட்டில் துளியும் அசையவில்லை, எனக்கோ குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டதுபோல் இருந்தது. மனம் மந்தமாகிவிடாமல் இருக்கக் காய்கறிப் பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். வெண்டைக்காய்க்கு மேல் ஒன்றும் வாயில் வரவில்லை.