பெஞ்சைத் திருப்புவதற்கு முன்னால்

2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'ப' வடிவில் பெஞ்சு போடுவது பற்றி இங்கே பெரிய விவாதம் நடந்தது. ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேரளத்தில் சில பள்ளிகள் கடைசி பெஞ்சையே இல்லாமல் செய்துவிட்டன, இங்கேயும் அப்படிச் செய்யலாம் என்று பேச்சு வந்தது. பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும், பலகை சரியாகத் தெரியாது என்று உடனே மறுப்பும் வந்தது. இரண்டு தரப்பிலும் பெரும்பாலோர் பெஞ்சைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அந்த அறையில் எத்தனை பிள்ளைகள், எத்தனை வகுப்புகள், ஆசிரியர் எங்கே உட்காருவார் என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக வேலை பார்க்கிறேன். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். வகுப்பறையைத் தலைகீழாக மாற்றிப் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷி வேலி பள்ளியினர் சுற்றுவட்டாரக் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் பின்னால் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பொறுப்புக்கு வந்ததும், 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதற்கும் போனது. இந்த முறையின் ஆங்கிலச் சுருக்கம் ஏ.பி.எல்.; ஏ.பி.எல். அட்டை என்றால் அந்தக் காலத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த அறை எப்படி இருந்தது என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெஞ்சு கிடையாது, பாய்தான். ஒன்று முதல் நான்கு வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்து, குழுக் குழுவாக உட்கார்ந்திருப்பார்கள். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், சுற்றிலும் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பகுதி சொந்தம். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். சுவரில் ஏணிப்படி அட்டவணை இருக்கும். பிள்ளை அதில் தான் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அடுத்த அட்டையைத் தானே தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி, ஒன்றுக்குப் பாதி உதவி, இன்னொன்றில் முன்னே போன பிள்ளை சொல்லிக்கொடுக்கும், ஒன்றில் யாருடைய உதவியும் இல்லாமல் தானே செய்யும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரும். விட்ட பாடம் விட்டதுதான் என்ற நிலை இல்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பாயோ அட்டையோ இல்லை. ஆசிரியர் தரையில், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அது ஏன் பெரிய விஷயம் என்று ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

42லிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். எங்கள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் 35 என்று எழுதியிருந்தான். பலகைக்குப் பக்கத்தில் நின்று நோட்டை வாங்கித் திருத்தினால் சிவப்பு மையில் ஒரு தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுல்ல டீச்சர், அதான் ஏழுலேர்ந்து ரெண்டைக் கழிச்சேன்" என்றான். அவனிடம் ஒரு விதி இருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று எப்போதோ யாரோ சொன்னதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். இந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் பத்தையும் அதே விதிப்படி தப்பாகப் போட்டுக்கொண்டு வருவான், அந்த விதி இன்னும் இறுகிப் போகும்.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்போம். நாலு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் அவன் முன்னால் வைத்து, இதில் பதினேழு எனக்கு வேண்டும், எடுத்துக் கொடு என்றேன். ஒரு கட்டை எடுத்து உடனே கொடுத்துவிட்டான். ஏழு குச்சிக்கு உதிரியைப் பார்த்தான், இரண்டுதான் இருந்தது. கட்டுகளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கட்டைப் பிரிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டான். கடன் வாங்கிக் கழித்தல் என்று நாம் பலகையில் எழுதிப் போடுவது முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

சரி, இதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடம் மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வகுப்பறை அமைப்பு பற்றிய விவாதம் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பேன். ஒரு பிள்ளையிடம் ஆசிரியர் உட்கார வேண்டுமானால் மீதிப் பேருக்கு உருப்படியான வேலை இருக்க வேண்டும், கையில் பொருள் இருக்க வேண்டும், பக்கத்தில் கேட்டுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். செயல்வழிக் கற்றலின் குழுக்களும் அட்டைகளும் அந்த நேரத்தை உண்டாக்கிக் கொடுத்தன. பெஞ்சை 'ப' மாதிரி போட்டுவிட்டு, ஆசிரியர் நடுவில் நின்று நாற்பது பேருக்கும் அதே பாடத்தை நடத்தினால் எதுவும் மாறாது. கடைசி பெஞ்சு போய்விடும், கடைசியில் நிற்கும் பிள்ளை அப்படியே இருக்கும்.

வரிசையில் உட்காருவதே பாவம் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1981இல் இங்கிலாந்தில் கல்வி உளவியலாளர் கெவின் வெல்டாலும் அவருடன் இருந்தவர்களும் பதினோரு வயதுப் பிள்ளைகளை மேசையைச் சுற்றியும், பிறகு வரிசையிலும் உட்காரவைத்துப் பார்த்தார்கள். தனித்தனியாகச் செய்யும் வேலையில் வரிசையில் இருந்தபோதுதான் பிள்ளைகள் அதிகம் ஊன்றி இருந்தார்கள். எங்கள் அனுபவமும் அதுதான். கையெழுத்துப் பயிற்சிக்கும் சொல்வதை எழுதுவதற்கும் வரிசை நல்லது. கதை சொல்ல எல்லோரும் நெருங்கி உட்கார வேண்டும். கணக்குக்குச் சின்னக் குழு. நாளுக்கு மூன்று முறை அறை மாற வேண்டும், அதற்கு நகர்த்த முடிகிற சாமான்களும் பாயும் போதும். இரும்பு பெஞ்சை இப்படிப் போடு, அப்படிப் போடு என்று மாநிலத்துக்கே ஒரே உத்தரவு தேவையில்லை.

செயல்வழிக் கற்றல் ஏன் தேய்ந்தது என்று கேட்பீர்கள். "டீச்சர் பாடமே நடத்துறதில்ல, புள்ளைங்க அட்டைய வச்சு விளையாடுது" என்று பெற்றோர் சொன்னார்கள். அந்தப் பக்கம் ஆங்கில வழிப் பள்ளி வேன் வாசலுக்கு வந்து நின்றது. வீட்டுப்பாடம் நிறைய கொடுக்கிற பள்ளியே நல்ல பள்ளி என்று நம்புகிற ஊரில், நோட்டு நிறைய எழுதாத பிள்ளை படிக்காத பிள்ளைதான். கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை நேரத்துக்கு வராது. எந்தப் பாடமானாலும் அதே ஏணிப்படிதான் என்று இறுக்கிப் பிடித்ததும் ஒரு காரணம். நல்ல ஆசிரியர்கள் தாங்களாக ஒரு அட்டையைத் தாண்டிப் போகவே பயந்தார்கள். இதையெல்லாம் அப்போதே திறந்து பேசியிருக்க வேண்டும்.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது. கொரோனா விடுமுறையில் எழுத்தே மறந்துபோன பிள்ளைகளுக்காக முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரித்து, அந்த நிலையிலிருந்து சொல்லிக்கொடுக்கச் சொல்கிறது. இந்த அடிப்படையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் செய்தது இதற்கு நெருக்கமானதுதான். பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக அழைத்து, அந்தப் பகுதிப் பெண்களைக் கொண்டு அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாகவே ஏறியது. அதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

ஆனால் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். முப்பதுக்கு ஒருவர் என்று காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே அறையில் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நிலை. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அதற்கு நடுவே ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் கைபேசியில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் ஆசிரியர் மரத்தடியில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் எல்லாம் யாருக்காவது குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டிய நேரம். ஒரு முறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அரை மணி நேரம் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு, ஒரு பிள்ளையைக் கூட வாசிக்கச் சொல்லாமல் கிளம்பினார். எனக்கு அன்று முழுவதும் மனசே ஆறவில்லை.

என் கோரிக்கை எளிது. ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் சேர்த்தாவது, வேறு வகுப்பின் பொறுப்பு இல்லாத ஒரு ஆசிரியரை ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் கொடுங்கள், அங்கே பத்தே பிள்ளைகள் இருந்தாலும் சரி. பதிவேற்றும் வேலையை மாதத்துக்கு ஒரு முறையாகக் குறையுங்கள். பெஞ்சை எப்படிப் போடுவது என்பதை அந்த அறையில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டடத்தையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தப்பாகப் போட்ட கணக்கை இங்கே எப்படித் திருத்துவீர்கள் என்று அந்த வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்.