இமெயிலுக்கு ஓடிபி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

விமானம் ஏறிவிட்டால் போதும், நம் வங்கிகளுக்கு நாம் யாரோ ஆகிவிடுகிறோம். ஹீத்ரோவில் இறங்கியதும் ரோமிங் பேக் வாங்கச் சொல்லி மெசேஜ் மேல் மெசேஜ் வருகிறது. வங்கியின் ஓடிபி மட்டும் வருவதில்லை. வந்தாலும் காலாவதியான பிறகு வருகிறது.

அப்பா இப்போது லண்டனில் என்னோடு இருக்கிறார். கிளம்பும் முன்பே கிளைக்கு நேரில் போய், கார்டு வெளிநாட்டில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "எல்லாம் போட்டாச்சு சார், கவலையே படாதீங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். இங்கே 2014லிருந்து பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை. ஏறியதும் மஞ்சள் ரீடரில் கார்டை வைக்க வேண்டும். நான் வேலைக்குப் போயிருந்த நேரம், அப்பா தனியாக ஏறி வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. பின்னால் ஆட்கள் நிற்க, இருபது பவுண்டு நோட்டைக் கையில் பிடித்தபடியே இறங்கியிருக்கிறார். எழுபதைத் தாண்டியவர்!

காரணம் என்ன? 2020 மார்ச் முதல் புது கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தொட்டுச் செலுத்தும் வசதியும் அணைத்தே தரப்படுகின்றன. கிளையில் ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டார்கள். திருட்டைத் தடுக்க வந்த விதி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இங்கிருந்து அந்த வசதியைப் போட ஆப்புக்குப் போகச் சொல்கிறார்கள். ஊர் சிம்மைக் கழற்றி இங்குள்ள சிம்மைப் போட்டால் ஆப் புதிதாகப் பதியச் சொல்கிறது. பதிய அதே ஊர் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும்! சரி, போனில் கேட்கலாம் என்றால் 1800 எண் இங்கிருந்து போகாது. கட்டண எண்ணில் காத்துக் கிடந்தால், கடைசியில் அந்தக் குரலும் ஓடிபிதான் கேட்கிறது. அமெரிக்காவில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். அங்கே விற்கும் ஐபோனில் 14ஆம் மாடலிலிருந்து சிம் செருகும் இடமே கிடையாது.

கேட்டால் "ரிசர்வ் வங்கி விதி" என்கிறார்கள். பொய். இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்பதுதான் விதி. குறிப்பிட்ட எந்த முறையையும் கட்டாயப்படுத்தவில்லை, எஸ்எம்எஸ்ஸைப் பிடித்துக்கொண்டது வங்கிகள்தான் என்று 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது. என்ஆர்ஐ கணக்குகளுக்கு இமெயிலில் ஓடிபி அனுப்பும் வங்கிகள் இருக்கத்தானே செய்கின்றன? மகன் வீட்டுக்கு வந்துபோகும் பென்ஷன்காரருக்கு மட்டும் ஏன் முடியாது?

முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன், பஸ் கவலை தீர்ந்தது. ஆனால் காலமெல்லாம் உழைத்துச் சேர்த்த பணம் கணக்கில் கிடக்க, காபி குடிக்கக்கூட என்னிடம் கேட்க அப்பாவுக்குக் கூசுகிறது. இதையும் கால் சென்டரில் சொல்லிப் பார்த்தேன். "இந்தியா வந்ததும் கிளைக்கு நேரில் வாங்க சார்" என்கிறார்கள்.