அந்த முள் எங்கேதான் இருக்கிறது?

புளியரையிலிருந்து ஆரியங்காவுக்குக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கேரவன் முனகி முனகி ஏறும்போது நான் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இன்ஜின் சூடு. அது ஸ்டியரிங் கம்பிக்குப் பின்னால், சுண்டுவிரல் நகம் அளவில், கறுப்புக்குள் சாம்பல் நிற முள்! வளைவில் ஒடித்தால் அதுவும் மறைந்துவிடும். வெயில் பட்டால் மீட்டர் கண்ணாடியில் என் சட்டைதான் தெரிகிறது. சரி, இரவில்? நீல வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, குறைத்தால் மொத்தமும் இருட்டு. டீசல் முள் ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று காட்டும். தொட்டிக்குள் டீசல் சாய்ந்தால் முள்ளுக்கு அளவு சொல்லும் மிதவையும் ஆடும், புரிகிறது, ஆனால் கோடுகளையாவது பெரிதாகப் போடக் கூடாதா? பாட்டுக்கு மட்டும் அவ்வளவு பெரிய திரை! எதிரே லாரி வரும்போது குனிந்து முள்ளைத் தேடச் சொல்கிறவர்கள், ஒருநாளாவது இந்த மலையில் வண்டி ஓட்டியிருக்கிறார்களா?