கைதட்டியவர்களுக்கு

மூன்று நாளாக எழுதாமல் அடக்கிக்கொண்டிருந்தேன். திருகோணமலையில் நடந்த அந்தக் கூட்டத்தின் வீடியோவை ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள், பாதிப்பேர் சிரிப்புக்குறி போட்டு. இனிச் சும்மா இருக்க முடியாது.

அந்தப் பெண் கேட்டது என்ன? எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை வண்டி வந்து பதினெட்டு நாளாகிறது, எப்போது வரும்? இவ்வளவுதான். மேடையிலிருந்து வந்த பதில்: "முதல்ல உங்கட கடமையைச் செய்யுங்க, பிறகு உரிமையைக் கதைக்கலாம்." அதற்கு ஒரு கைதட்டல். சொன்னவர் மீது எனக்கு அவ்வளவு கோபமில்லை. பதில் இல்லாதவர் தத்துவம் பேசுவது வழமை. கைதட்டினீர்களே, உங்களோடுதான் எனக்குக் கதை. அதில் மூன்று பேரை எனக்குத் தெரியும். அந்த மூவரில் ஒருவருடைய ஒழுங்கைக்கும் வண்டி போவதில்லை!

உரிமை என்பது, கடமையைச் செய்து முடித்தவருக்கு மாதக் கடைசியில் எண்ணித் தருகிற சம்பளம் இல்லை. இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன்.

சட்டம் தெரிந்த அண்ணை ஒருவர் இப்போது இலங்கை அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரையைத் தூக்கிக்கொண்டு வருவார். வரட்டும். உரிமையை அனுபவிப்பதும் கடமையைச் செய்வதும் பிரிக்க முடியாதவை என்று அதில் இருப்பது உண்மைதான். அண்ணை அப்படியே அடுத்த உறுப்புரையையும் வாசித்தால் நல்லது. அந்த அத்தியாயத்தில் உள்ளதை வைத்து எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது என்கிறது 29. ஆனால் அரச நிர்வாகம் அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது 126. எது வாசலில் கட்டிய தோரணம், எது கதவு என்று நீங்களே பாருங்கள். இன்னொன்று, பொதுச் சொத்து வீணாவதை எதிர்ப்பதும் கடமை என்று அதே 28இல்தான் இருக்கிறது. வரிக்காசில் வாங்கிய, குப்பை அள்ளுகிற உழவு இயந்திரம் எங்கே நிற்கிறது என்று கேட்டவர் தன் கடமையைத்தானே செய்தார்?

"குப்பையை ரோட்டில போடுறது நம்மட சனம்தானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, ஒப்புக்கொள்கிறேன். கோட்டைப் பக்கம் ஒரு மான், கறி ஒட்டிய லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டு நின்றதை நானும் பார்த்தேன். பாதி உள்ளே போய்விட்டது, மீதி கடைவாயில் தொங்கியது. இழுத்தெடுக்கலாம் என்று கிட்டப் போனால் ஓடிவிட்டது. அதை எறிந்தவர் நம்மில் ஒருவர்தான். பிடித்துத் தண்டம் அடியுங்கள், நானே சாட்சி சொல்கிறேன். ஆனால் எறிந்தவருக்காக எறியாதவரின் வாயை ஏன் அடைக்கிறீர்கள்?

"சோலைவரி கட்டினாவா?" என்று வீட்டு வரியைக் கேட்டார் இன்னொருவர். அந்தப் பெண் வாடகை வீட்டில் இருக்கிறார், ஐயா. வாங்குகிற சவர்க்காரத்துக்கும் போடுகிற ரீலோட்டுக்கும் 2024 தொடக்கத்திலிருந்து 18 வீதம் வற் வரி கட்டுகிறார். உங்கள் அளவுக்குத்தான். சிங்கப்பூரைப் பார் என்றவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் தபால் சேவை. மாரி மழையில் கடிதப் பையைச் சட்டைக்குள் வைத்து, தான் நனைந்து அதை நனையாமல் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய சைக்கிள் களவு போனது. முறைப்பாடு கொடுக்கப் போனோம். அப்பா தமிழில் சொன்னார், அங்கிருந்தவர் சிங்களத்தில் எழுதினார், கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதி அப்போதே இருபது வருடம் ஆகியிருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து ஏன் என்று கேட்டேன். "வாசிக்க ஏலாத காகிதத்துக்குக் கண்ணாடி எதுக்கு?" என்றார். கடமையில் என்ன குறை வைத்தார் என் அப்பா?

குப்பை வண்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது. கடமையைச் செய், உரிமை தானாக வரும் என்றால் மலையகத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு ஏன் வரவில்லை? 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையில் வாக்களித்தவர்கள் அவர்கள். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. இந்த இடைக்காலம் முழுக்க அவர்கள் கூடையைச் சுமந்துகொண்டுதானே இருந்தார்கள்?

கடமை என்றால் மேலே இருப்பவர்களுக்கும் இருக்க வேண்டுமே. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே சொன்ன பிறகு! நம் ஊரில்தான் கிழக்கு மாகாண சபைக் கட்டிடம் நிற்கிறது. சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. அதற்காக யாராவது ஒருவரிடம் "முதல்ல உங்கட கடமையைச் செய்யுங்க" என்று சொல்லி, நீங்கள் கைதட்டி நான் பார்த்ததில்லை.

ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன்: எத்தனை உழவு இயந்திரம், எத்தனை ஓடுகிறது, எந்த ஒழுங்கைக்கு எந்த நாள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் சொல்லியாக வேண்டும். சோலைவரிப் பற்றுச்சீட்டையும் சேர்த்தே கொண்டுபோகிறேன், கேட்டாலும் கேட்பார்கள்.

அந்த வீடியோவை ஒருதரம் சத்தமில்லாமல் போட்டுப் பாருங்கள். நீங்கள் கைதட்டத் தொடங்கும்போது அந்தப் பெண் தன் கையிலிருந்த தாளை நாலாக மடிக்கிறார். அதில் இன்னும் ஏதோ எழுதி வைத்திருந்தார். கேட்காமலே உட்கார்ந்துவிட்டார்.